மீசையில்லாத என் படம்

ஜெலுத்தோங், ஜார்ஜ்டவுன்,
ஆகஸ்டு 17, ஞாயிறு காலை.

தாசேக் கெலுகோரில் செம்பனைக் காற்றும் பேரப்பிள்ளைகள் கூச்சலும் சூழ வாழும் மதிப்பிற்குரிய அண்ணன் நாச்சியப்பன் அவர்களுக்கு, தம்பி கருப்பையா கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று நம்மைப் பெற்ற அப்பச்சி நமக்குப் பழக்கியிருப்பதால் அப்படியே எழுதிவிட்டேன். அந்த 'எல்லாரும்' கணக்கில் என்னைச் சேர்க்க வேண்டாம். உங்கள் சுகத்துக்கும், உமா அண்ணியின் முழங்காலுக்கும், நவம்பர் கடைசியில் வரப்போகும் உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கும் தண்ணீர்மலை முருகன் துணை இருக்கட்டும்.

ஃபெர்ரி ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் உங்கள் வாசலில் நிற்கக்கூடியவன் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் மெய்யம்மை படிப்பாள். என் போனைத் திறக்கிற எண் எனக்கு மறந்துபோனால் அவளிடம்தான் கேட்பேன். உங்களுக்குப் போன் போட்டால் அண்ணி எடுப்பார். அண்ணியிடம் காலையில் சொன்னதை மெய்யம்மை என்னிடமே மதியம் திருப்பிச் சொல்வாள், அதுவும் நான் சொன்னதைவிட விரிவாக. நேரில் வரலாம் என்றால், எங்கே, எதற்கு, எந்தச் சட்டையில் என்று மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். இந்தப் பினாங்குத் தீவில் மிச்சமிருக்கும் ஒரே நம்பிக்கையான ஆள் எங்கள் தபால்காரர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது.

விஷயம் இதுதான். மெய்யம்மை என் படத்தை வரைகிறாள்.

சிரிக்காதீர்கள். நம் குடும்பத்தில் உயிரோடு இருக்கிற எவனுக்காவது சுவரில் தனியாகப் படம் மாட்டியதுண்டா? அப்பச்சி இருந்தவரைக்கும் அவர் முகம் இந்த வீட்டில் அவருடைய அடையாள அட்டையில், அந்த ஐசியில் மட்டும்தான் இருந்தது. அவர் போன மூன்றாம் நாள், அதே ஐசிப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சந்தன மாலை போட்டு, மேலே ஒரு சிவப்புக் குட்டி பல்பையும் எரியவிட்டோம். ஆத்தாவுக்கும் அப்படித்தான். நம்மைப் பொறுத்தவரை, சட்டத்துக்குள் போகிறவன் திரும்பி வருவதில்லை. இப்போது பெண்டாட்டி, புருஷன் எதிரில் உட்கார்ந்து, பெரிய தாளில், பார்த்துப் பார்த்து அவன் முகத்தை வரைகிறாள் என்றால் அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்லாத ஏதோ ஒன்று.

இது ஜூன் மாதம் தொடங்கியது. லெபோ சூலியா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் சபூரா டீச்சர் என்பவர் சனிக்கிழமைதோறும் பென்சில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மெய்யம்மை அதில் சேர்ந்தாள். முதல் வாரம் முட்டை வரைந்தாள். இரண்டாம் வாரம் அந்த முட்டையின் நிழல். மூன்று நாள் ஜன்னலில் போஸ் கொடுத்த முட்டையை நாலாம் நாள் எனக்குப் பொரித்துப் போட்டாள். கலைக்காக நானும் தின்றேன். அப்புறம் பென்சில்கள் வீட்டுக்குள் குடியேறின. எச்பி, டூபி, ஃபோர்பி, சிக்ஸ்பி என்று கறுப்பிலேயே நாலு சாதி, அதற்குமேல் தகர டப்பாவில் நாற்பத்தெட்டு கலர். பிசைந்த மாவு மாதிரி ஒரு ரப்பர். அதை ரொட்டிச் சானாய்க்கு வைத்த மாவு என்று நினைத்து ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டேன். இதுவரை எல்லாம் சரி. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் தலையை நிமிர்த்துகிறேன், எதிரில் மெய்யம்மை ஒற்றைக் கண்ணை மூடி, கையை விறைப்பாக நீட்டி, பென்சில் முனையை என் நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அசையாதீங்க."

"என்னடி செய்யுற?"

"மூஞ்சிய அளக்குறேன். வாய மூடுங்க, தாட நீளமாவுது."

அளந்து, தாளில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்னைப் பங்குபோட்டு நிரப்ப ஆரம்பித்தாள். மூக்குக்கு மட்டும் நாலு கட்டம். அந்த மூக்கை உங்களுக்கு வர்ணிக்கத் தேவையில்லை, நீங்கள் கண்ணாடி பார்த்தால் போதும். நாலாம் கட்டத்தை முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "ஏங்க, இன்னும் நாலு வருஷம் போனா இந்தக் கன்னம் எவ்ளோ எறங்கும்?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்லா."

அண்ணே, இருபத்தெட்டு வருஷமாக இன்சூரன்ஸ் விற்கிறவன் நான். புருஷனின் அடுத்த நாலு வருஷத்தைப் பற்றிச் 'சும்மா' கேட்கிற பெண்டாட்டியை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. கேட்டுவிட்டு அவளே தலையை ஆட்டி, "அவ்ளோலாம் எறங்காது" என்றாள். அதாவது கன்னம் இறங்குகிற அளவுக்கு நாள் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தேன். முடிவு வாங்கப் போகவேண்டிய அன்று எனக்கு மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலை ஆட்களுக்குப் பாலிசி பேசுகிற வேலை. மெய்யம்மைதான் கிளினிக்குக்குப் போனாள். திரும்பி வந்தவளிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லலா. வெயில்ல உக்காரச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, என் நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டாள். வெயிலில் உட்காருவது என்ன வைத்தியம்? ஊறுகாயைத்தான் வெயிலில் வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் கைவிட்ட கேஸைத்தான் ஜன்னல் பக்கம் மாற்றுவார்கள், கடைசியாக நாலு மரத்தைப் பார்க்கட்டும் என்று. எங்கள் ஜன்னலில் மரம்கூடக் கிடையாது, எதிர் ஃபிளாட்டின் ஏர்கான் பெட்டிகள்தான்.

அதைவிடப் பயங்கரம், அவள் நான் பேசுவதைக் கேட்க ஆரம்பித்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் தொடங்கிய வாக்கியங்களை எல்லாம் முடித்துவைத்தவள் அவள்தான். இப்போது என்னவென்றால், நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பாயான் லெப்பாஸில் கார் நிறுத்தத் தகராறு செய்த கதையை முழுசாக, இரண்டாம் தடவையாக, சொல்லி முடிக்கிறேன்; அவள் கண்ணை எடுக்காமல், இமைகூட ஆட்டாமல், உருகி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அப்றம்?" என்று வேறு கேட்டாள். எனக்கு வியர்த்துவிட்டது. பெண்டாட்டி நம் பேச்சைக் கேட்கிறாள் என்றால் டாக்டர் தேதி குறித்துவிட்டார் என்று அர்த்தம்.

போன வாரம் குளியலறைக் கதவில் காதை வைத்து நின்றேன். (சந்தேகம் வந்த பிறகு மானம் எங்கே?) உள்ளே போன் பேசிக்கொண்டிருந்தாள்: "கண்ணுல உயிரே இல்ல டீச்சர். ஒதடும் ஊதாவாப் போச்சு. ஆமா, நேத்துலேர்ந்துதான். இல்லயில்ல, அவர்ட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல." நான் ஓடிப்போய்க் கூடத்துக் கண்ணாடியில் பார்த்தேன். உதடு ஊதாவாகத்தான் இருந்தது. பீட்ரூட் பொரியல் சாப்பிட்டது அரை மணி கழித்துத்தான் நினைவுக்கு வந்தது, அதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

சரி, நேராகவே விசாரிப்போம் என்று புதன்கிழமை, மெய்யம்மைக்கு வகுப்பு இல்லாத நாளாகப் பார்த்து, இன்சூரன்ஸ் பேசுகிற சாக்கில் அந்த மாடிக்கு ஏறினேன். சபூரா டீச்சர் கதவைத் திறந்தார். வாயைத் திறக்கவிடவில்லை. "மெய்யம்மா வீட்டுக்காரரா? சொல்லவே வேணாம், அந்த மூக்கு ஒண்ணு போதும்!" என்று சிரித்து, சந்தையில் ஆடு பார்க்கிறவர் மாதிரி என்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"இந்த முடி மட்டும் போயிட்டா அப்படியே வந்துரும்," என்றார். "மீசையும் இருக்காது."

"எப்பங்க போவும்?" என்றேன்.

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க தம்பி. நீங்க அசையாம உக்காந்தா போதும்."

முடி போகிற வைத்தியம் எது என்று இன்சூரன்ஸ்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மீசை ஏன் போகும் என்பதும் எனக்குத் தெரியும்; மூக்கில் குழாய் விடுமுன் நர்ஸ் எடுத்துவிடுவாள். படியிறங்கினேன். கீழே நாசி கண்டார் சோற்றுக்கடை வாசனை வந்தது, பசித்தது. சாகிறவனுக்குப் பசிக்குமா என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்தேன். எதற்கும் சாப்பிட்டுவிட்டே போனேன்.

கடைசி ஆதாரம் அவள் ஓவிய நோட்டின் பின் அட்டையில் கிடைத்தது. அவள் கையெழுத்து: 'நவம்பர் 23 ஞாயிறு. 200 பேர். சைவம். மாலை 2. தேக்குச் சட்டம்.' இருநூறு பேர்தானா என்று முதலில் கொஞ்சம் மனவருத்தம். என் பாலிசிதாரர்கள் மட்டுமே முன்னூறு பேர் வருவார்கள். மாலை ஏன் இரண்டு என்பதும் புரிந்தது. ஒன்று எனக்கு, ஒன்று படத்துக்கு. தேதி வரைக்கும் டாக்டர்கள் சொல்லிவிடுகிறார்கள் என்றால் மருத்துவம் எங்கேயோ போய்விட்டது அண்ணே.

இப்போது உங்களுக்கு எழுதுகிற காரணத்துக்கு வருகிறேன். உங்கள் அறுபதாம் கல்யாணமும் நவம்பர் கடைசியில்தான். என்றைக்கு என்று அண்ணி இன்னும் எனக்குச் சொல்லவில்லை. கூடப்பிறந்த தம்பி அந்த வாரம் போய்ச் சேர்ந்தால் உங்களுக்குத் தீட்டு. ஹோமமும் கிடையாது, தாலியும் கட்ட முடியாது, சமையல்காரருக்குக் கொடுத்த அட்வான்ஸும் திரும்பாது. நட்சத்திரம் பார்த்து வைக்கிற காரியத்தை முன்னே தள்ள முடியாது என்பது தெரியும். ஆனாலும் ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நான் என்னால் முடிந்தவரை தள்ளிப் போடுகிறேன்.

இன்று காலை ஏழு மணிக்கு மெய்யம்மை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனாள். படம் அலமாரியில், மேலே ஒரு மெல்லிய தாள் போர்த்திக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அண்ணே, என்னமாய் வரைந்திருக்கிறாள்! என் மூக்கு, என் கண், என் தாடை. தோலுக்குப் பழுப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் ஊதா என்று கலரை அடுக்கடுக்காக ஏற்றி, உள்ளே ரத்தம் ஓடுகிற மாதிரி செய்திருந்தாள். தலை மட்டும் வழுக்கை. நெற்றியில் என்னிடம் இல்லாத சுருக்கங்கள். மூக்குக்குக் கீழே சுத்தமாக ஒன்றுமே இல்லை. காலேஜ் படிக்கும்போது வைத்த மீசை அண்ணே. அதைப் பார்த்துத்தான் மெய்யம்மையே சரி சொன்னாள் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். வழுக்கையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், மீசையில்லாமல் ஆண்டுக்கணக்கில் சுவரில் தொங்கமாட்டேன் என்று தோன்றியது. டப்பாவைத் திறந்தேன். கறுப்பும் கரும்பழுப்பும் எடுத்தேன். மெதுவாகத் தடவ வேண்டும் என்று அவள் முணுமுணுத்துக் கேட்டிருக்கிறேன், ஆனால் எனக்கு இருந்த ஆத்திரத்தில் அழுத்தித்தான் வந்தது. இடது பக்கம் அழகாக வந்தது. வலது கொஞ்சம் தூக்கிக்கொண்டது. இடதைத் தூக்கினேன். வலது குறைவாகத் தெரிந்தது. இப்படியே ஏறிக்கொண்டே போய், காதுக்கு இரண்டு விரல் கீழே பென்சில் முனை ஒடிந்ததால் நிறுத்தினேன். இப்போது பார்த்தால், என் பெயருக்கு ஏற்றாற்போல் ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கிற கருப்பர் மாதிரி இருக்கிறது. வலது பக்கம் இன்னமும் ஒரு சுற்று உயரம்தான்.

தாளைப் போர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இந்தக் கைக்கு இது முதல் மீசை இல்லை.

உங்களுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. கூடத்தில் மாட்டியிருந்த, அப்பச்சியைப் பெற்ற ஐயாவின் படத்துக்கு யாரோ பென்சிலால் மீசை வரைந்துவிட்டார்கள். அப்பச்சி பிரம்பை எடுத்துக்கொண்டு யார் என்று கேட்டார். பென்சில் உங்கள் சட்டைப் பையில் இருந்தது. அடித்ததோடு விடவில்லை, அந்த வருஷம் தைப்பூசத்துக்கு வெளியே விடமாட்டேன் என்றார். லெபோ பினாங்கிலிருந்து வெள்ளித் தேர் புறப்பட்டு நம் வாசலைத் தாண்டியபோது நான் அப்பச்சி தோளில் இருந்தேன். நீங்கள் மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். என்னைப் பார்த்துக் கை ஆட்டினீர்கள். அண்ணே, வரைந்தது நான். பென்சிலை உங்கள் பையில் போட்டதும் நான். நாற்பத்தெட்டு வருஷமாகச் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் கை ஆட்டாமல் முறைத்திருந்தால் அடுத்த நாளே சொல்லியிருப்பேன்.

இதைச் சொல்லாமல் சட்டத்துக்குள் போக மனம் வரவில்லை. இனி அடிப்பதென்றால் நவம்பர் 23-க்குள் வந்து அடித்துவிட்டுப் போகவும். அண்ணியிடம் எதுவும் சொல்ல வேண்டாம். உங்கள் கையால் கொஞ்சம் விபூதி மடித்து, பதில் கடிதத்தில் வைத்து, அலுவலக முகவரிக்கு அனுப்பவும். பிள்ளைகளுக்கு என் ஆசி; பெரியவர்களுக்கு என் கும்பிடு; மெய்யம்மையை மட்டும் பிற்பாடு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அவள் நல்லவள்தான்.

இப்படிக்கு,
இன்னும் மூன்று மாதத்துக்கு உங்கள் தம்பி,
கருப்பையா

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு மூன்று மணி நேரம் ஆகிறது. நான் சாகவில்லை. அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது.

மெய்யம்மை பாசாரிலிருந்து வந்ததும் வராததுமாக, "வாங்க, சன்னல்கிட்ட உக்காருங்க. இன்னிக்கோட சரி. உங்கண்ணன் நெத்திதான் இன்னும் கொஞ்சம் பாக்கி" என்றாள்.

"எங்கண்ணன் நெத்தியா?"

"பின்ன யார் நெத்தி? இருவத்துமூணாந் தேதி அறுபதாங் கல்யாணத்துக்குக் குடுக்கத்தானே வரையுறேன். மூக்கு, கண்ணு, தாட எல்லாம் ரெண்டு பேருக்கும் ஒரே அச்சு. அவர வாராவாரம் தாசேக் கெலுகோர்லேர்ந்து கூட்டியாற முடியுமா? உங்கள வச்சு வரைஞ்சிட்டு, முடிய எடுத்து, மீசைய எடுத்து, நாலு வயசு கூட்டிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க வாயி நிக்குமா? அன்னிக்கே உக்காந்து எட்டுப் பக்கம் லெட்டர் எழுதியிருப்பீங்க."

இந்தக் கடிதத்தை மெதுவாகப் பேப்பருக்கு அடியில் தள்ளினேன். ரத்த ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வைட்டமின் டி கம்மி, அவ்ளோதான். அதான் வெயில்ல உக்காருங்கன்னு சொன்னேனே, காதுல விழலியா?" என்றாள். வழுக்கைத் தலை, மீசையில்லாத வாய், என்னைவிட நாலு வயது கூடிய என் முகம். அது யார் என்று பினாங்கில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியவில்லை. தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறவனுக்கு அண்ணன் முகம்கூட மறந்துபோகும் போல.

அப்புறம் அவள் படத்தின் மேலிருந்த தாளை எடுத்தாள். மீசையின் மேல் விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். "ரெண்டு மாச வேல," என்றாள். "அழுத்திப் போட்டா மெழுகு தாள்ல எறங்கிரும். எந்த ரப்பராலயும் எடுக்க முடியாது." அண்ணே, அவள் திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். திட்டவில்லை. அதனால் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"பாத்ததுமே அண்ணன்னு கண்டுபுடிச்சிட்டேன்லா. அவரு இப்ப மீச வளக்குறாரு. விழாவுக்காக. அதான் ஒதவியா இருக்கட்டுமேன்னு…"

"மீச வளக்குறாரா? உமாக்கா ஒண்ணுஞ் சொல்லலியே."

"அண்ணிக்கே தெரியாது. ஆச்சரியமா இருக்கட்டும்னு வச்சிருக்காரு."

"மூஞ்சில வளர்ற மீச, ஒரே வீட்டுல இருக்குற பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

நான் எழுந்து ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவள் போனை எடுக்கப் போனாள், பிறகு வைத்துவிட்டாள். "முப்பத்தொண்ணாந் தேதி மெர்டேக்கா, சுதந்திர தின லீவுல அங்கயே போவோம். நானே நேர்ல பாத்துக்குறேன்" என்றாள். பாலிசிப் பாரம் நிரப்புவதாகச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்; அவள் இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். ஒற்றைக் கண்ணை மூடி, பென்சிலை நீட்டி, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதை அளக்கிறாள் என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட்டு நாலு வரியில் வேறொன்று எழுதலாம் என்று பார்த்தேன். ஆனால் தைப்பூசத்து விஷயத்தை இன்னொரு தடவை எழுத வேண்டுமானால் நான் இன்னொரு தடவை சாகவேண்டியிருக்கும். அதனால் அப்படியே அனுப்புகிறேன். தீட்டுச் சங்கதி, ஐயர், விபூதி எதுவும் இனி வேண்டாம். கடிதம் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து சவரக் கத்தியைத் தொடாமல் இருந்தால் போதும். மெர்டேக்காவுக்கு இரண்டே வாரம் இருக்கிறது. அண்ணி கேட்டால் திடீரென்று ஆசை வந்துவிட்டது என்று சொல்லுங்கள். நான் செய்ததற்கு நீங்கள் மாட்டிக்கொள்வது இது இரண்டாம் தடவைதான்.

வலது பக்கம் கொஞ்சம் உயரமாக வளரவேண்டும்.